வீடெல்லாம் லட்டுவின் முடி!

பாயசத்தில் முந்திரி மிதக்கலாம், திராட்சை மிதக்கலாம். நாய் முடி மிதக்கலாமோ?

2024-ம் வருஷம் தை மாதக் கடைசி. என் மகளுக்கு வளைகாப்பு நாள் பேசுவதற்காகச் சம்பந்தியம்மாவும் அவர் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முதல் நாளே வீட்டை இரண்டு தடவை பெருக்கி, சோபா உறையை மாற்றி, எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் சேமியா பாயசத்தில் இரண்டு வெளிர் மஞ்சள் முடி! சம்பந்தியம்மா டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எழுந்து கிளம்பும்போது பார்க்கிறேன், அவர் கட்டியிருந்த அரக்குப் பட்டுப்புடவையின் பின்பக்கம் பூராவும் பஞ்சு ஒட்டினாற்போல் முடி. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது.

வாசலில் நின்றுகொண்டு மெதுவாகத்தான் சொன்னார். "சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க. சின்ன வயசுலேருந்தே பொண்ணுக்கு இழுப்பு உண்டுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. பச்சைப் பிள்ளையும் வரப் போகுது. இந்த முடியில எப்படி வச்சுப் பார்க்கப் போறீங்க?"

என்ன பதில் சொல்ல? நியாயமான கேள்விதானே.

லட்டு எங்கள் வீட்டு லாப்ரடார். ஐந்து வயதுப் பெண் நாய். பையன் ஆசைப்பட்டுக் குட்டியாக வாங்கி வந்தான். பிறகு வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். நாய் எனக்கு! முதலில் அலுத்துக்கொண்டேன். ஆனால் பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிற ஒரு ஜீவன் அது. அன்றிரவு இவர் "லால்குடியில தம்பி தோப்பு இருக்கு. அங்கே கொண்டு விட்டுடலாம்மா, நல்லா ஓடியாடும்" என்றபோது, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வளைகாப்பு வரைக்கும் பொறுங்க. முடியை நான் ஒரு வழிக்குக் கொண்டு வர்றேன். முடியலைன்னா நானே கொண்டு போய் விடறேன்" என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்தது ஒன்றரை மாதம்.

அந்த ஒன்றரை மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாய் வளர்க்கும் சகோதரிகளுக்குப் பயன்படலாம்.

முதல் வேலையாக லட்டுவைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கொட்டுவது இயற்கையா, நோயா என்று தெரிய வேண்டாமா? அவர் உடம்பு முழுக்க முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். உடம்பெங்கும் ஒரே சீராகக் கொட்டினால், தோல் சுத்தமாக இருந்தால், அது இயற்கை. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து செதில் உதிர்ந்தாலோ, நாய் ஓயாமல் சொறிந்துகொண்டும் நக்கிக்கொண்டும் இருந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ அது வேறு விஷயம். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, படர்தாமரை, தைராய்டு குறைவு என்று காரணம் பல இருக்கலாமாம். இதில் படர்தாமரை நம் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சொட்டை கண்டால் கைவைத்தியம் வேண்டாம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பாவம், தோல் வெந்து போய்விடும். அதை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

லட்டுவுக்கு நோய் ஒன்றுமில்லை. "பின்னே ஏன் டாக்டர் இப்படிக் கொட்டுது?" என்றேன். "இது குளிர்தேசத்து நாயம்மா" என்று சிரித்தார்.

லாப்ரடாரின் பூர்வீகம் கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்களோடு படகில் போய், பனி நீரில் குதித்து வலை இழுத்த நாய்களின் வம்சம். அதனால் அதற்கு இரட்டைக் கம்பளி. மேலே கொஞ்சம் முரட்டு ரோமம், அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்ற உள்ரோமம். நமக்குத் தலைமுடி வளர்ந்து, ஓய்ந்து, உதிர்வது போலத்தான் அதற்கும். குளிர்தேசங்களில் பகல் நீளுவதையும் குறைவதையும் அனுசரித்து வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக உள்ரோமத்தைக் கழற்றிவிடும். நம் ஊரிலோ பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை, ராத்திரி பதினோரு மணி வரை வீட்டில் விளக்கு வேறு. ஆகவே வருஷம் முழுக்க மழைத் தூறல் மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கிறது. திருச்சி வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிற ஜீவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாய் வாங்க நினைக்கிறவர்கள் நம் ஊர் ஜாதிகளையும் யோசித்துப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் குட்டை ரோமக்காரர்கள். நம் வெயிலுக்கென்றே பிறந்தவர்கள். 2005-ல் தபால்துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. கொட்டவே கொட்டாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பஞ்சு மூட்டைத் தொல்லை இராது. ஓடியாட இடம் மட்டும் நிறைய வேண்டும்.

டாக்டரிடம் என் பழைய குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொண்டேன். 2022 சித்திரையில், முடிதானே தொல்லை, எடுத்துவிட்டால் போச்சு என்று ஆள் வைத்து லட்டுவை ஒட்ட வழித்துவிட்டேன். வெயிலுக்கும் சுகமாக இருக்கும் என்று பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு! நடந்தது என்ன? முதுகுத் தோல் வெயிலில் கன்றிச் சிவந்துவிட்டது. கொட்டுவதும் நிற்கவில்லை. நீள முடிக்குப் பதிலாக ஊசி ஊசியாகக் குட்டை முடி விழுந்து, தலையணை உறையில் செருகிக்கொண்டு கன்னத்தில் குத்தியது. திரும்ப வளர்ந்ததும் திட்டுத் திட்டாகத்தான். இரட்டை ரோமக்கார நாயை வழிக்கவே கூடாதாம். அந்த மேல்ரோமம்தான் வெயிலுக்குக் குடை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது நிழலும் தண்ணீரும் காற்றும், மொட்டை அல்ல.

சரி, பின்னே என்ன வழி? வாருவதுதான் வழி. முடி தரையில் விழுவதற்கு முன்னால் நாமே வாரி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். கொட்டுவதை நிறுத்த யாராலும் முடியாது.

அதுவரை நான் வாரியது என் பழைய சீப்பால், ஞாபகம் வந்தபோது. இப்போது இரண்டு சாமான் வாங்கினேன். ஒன்று, அகலப் பல் வைத்த வாரி. உள்ரோமத்துக்குள் போய் இறந்த முடியை இழுத்துக்கொண்டு வரும். இன்னொன்று, முள் முள்ளாக ரப்பர் வைத்த கையுறை. முதலில் வாரி, பிறகு கையுறையால் ஒரு தடவல். முடி போகும் திசையிலேயே வார வேண்டும். அழுத்தக் கூடாது, நம் முழங்கையில் ஒரு தரம் அழுத்திப் பார்த்தால் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். தொடையின் பின்பக்கம், கழுத்துப் பட்டைக்குக் கீழே, வால் தொடங்கும் இடம், இங்கேதான் உள்ரோமம் சேர்ந்திருக்கிறது. முதல் நாள் ஒரு கேரிபேக் நிறைய வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. "அம்மா, இன்னொரு நாயே பண்ணலாம் போலிருக்கே" என்றாள் வேலைக்கு வரும் பெண். பத்து நாள் விடாமல் வாரிய பிறகுதான் குறைந்தது. இப்போது தினமும் பத்து நிமிஷம், ஒரு பிடி முடி. ஒரு நாள் சோம்பினால் மறுநாள் தரை காட்டிக்கொடுத்துவிடும்.

வாருவது கொல்லையில் அல்லது மொட்டை மாடியில், காற்று நம் முகத்துக்கு வராத திசையில் உட்கார்ந்து. இதற்கென்றே ஒரு பழைய நைட்டி வைத்திருக்கிறேன். வாரி முடித்ததும் அதை உதறி, மாற்றிக்கொண்டு, கை கழுவிய பிறகுதான் அடுப்படிக்குள் நுழைவது. அன்றைய பாயசத்தில் முடி விழுந்தது லட்டு அடுப்படிக்கு வந்ததால் அல்ல. என் முந்தானையில் ஏறித்தான் வந்திருக்கிறது. இது புரிய எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

வாரிய முடியைக் கொல்லையில் குவித்து வைத்தால் அணில் வந்து வாயில் கவ்விக்கொண்டு கூடு கட்ட ஓடுகிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்ணிக்காக மாதாமாதம் நாயின் முதுகில் சொட்டு மருந்து விடுகிறோமே, அந்த முடி குருவிக் கூட்டுக்குப் போனால் குஞ்சுகளுக்கு ஆகாது. ஆகவே பொட்டலம் கட்டிக் குப்பையோடு போட்டுவிடுகிறேன்.

குளிப்பாட்டும் விஷயத்திலும் நான் செய்துகொண்டிருந்தது தப்பு. வாரம் ஒரு தரம், அதுவும் நாம் தேய்த்துக்கொள்ளும் சோப்பு. நாயின் தோல் நம்முடையதை விட மெல்லியது. அதன் புளிப்புத் தன்மையும் வேறு. நம் சோப்பு எண்ணெய்ப் பசையை எல்லாம் எடுத்து, தோலை வறட்டிவிடும். செதில் விழும், முடி இன்னும் கொட்டும். இப்போது மாதம் ஒரு முறை, நாய்க்கென்றே உள்ள ஷாம்பூ. குளிப்பாட்டும் முன் ஒரு தரம் வாரிவிட வேண்டும். இல்லையேல் உள்ரோமம் நனைந்து கம்பளம் மாதிரி சிக்கிக்கொள்ளும். நுரை கொஞ்சமும் தங்காமல் அலச வேண்டும். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. அடிமுடி வரை துவட்டிக் காயவைக்க வேண்டும், ஈரம் தங்கினால் புண். குளித்த மறுநாள் முடி தாராளமாக வரும். அன்றைக்குப் பத்து நிமிஷம் போதாது, அரை மணி ஒதுக்குங்கள். குளியலறைச் சாக்கடை வாயில் பழைய டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

சாப்பாடு? சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையில் பால், பிஸ்கட். மத்தியானம் தயிர் சாதம். ராத்திரியும் தயிர் சாதம். "முடிங்கறதே புரதம்தானம்மா. வெறும் சோத்துல எங்கேருந்து வரும்?" என்று கேட்டார் டாக்டர். இப்போது தினம் ஒரு வேக வைத்த முட்டை, கோழி, வாரம் இரண்டு நாள் மத்தி மீனை உப்பு காரம் இல்லாமல் அவித்து முள் எடுத்துக் கொடுக்கிறேன். மத்தியில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு தோலுக்கு நல்லது. பச்சை முட்டை வெள்ளைக்கரு மட்டும் வேண்டாம், பயோடின் சத்தை உடம்பில் சேரவிடாது. பலன் தெரிய ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், ஒரு வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை நாய்க்கு விஷம். உலர்ந்த திராட்சையும்தான். மிச்சப் பாயசத்தை ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வருவோம். முடி பறக்கிற வீட்டில் ஃபேனைச் சுழலவிட்டுக்கொண்டு பெருக்குவது வீண் வேலை. நாம் வாசலுக்குத் தள்ளுவதற்குள் அது பூஜை அறை விளக்குத் திரியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, பூந்துடைப்பத்தின் நுனியில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, கட்டில் அடியிலிருந்து மெதுவாக இழுத்து வர வேண்டும். பிறகு ஈரத்துணி. சோபாவுக்கும் மெத்தைக்கும், பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை நனைத்து உதறிவிட்டு ஒரே பக்கமாகத் தடவினால் முடி திரண்டு வந்துவிடும். பட்டுப்புடவைக்கு அகல ஒட்டு டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுக்கிறேன். ஜரிகைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஃபேன் இறக்கையையும் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையும் வாரம் ஒரு தரம் துடைக்க வேண்டும்.

வாஷிங் மெஷின் கதை தனிக் கதை. ஒரு நாள் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த பையன் அடியில் இருந்த வடிகட்டியைக் கழற்றியவன், "ஐயோ, எலி!" என்று கையை உதறினான். பார்த்தால் எலி இல்லை, லட்டு! ஐந்து வருஷ முடி கட்டிப் பந்தாகியிருந்தது. இப்போது துணியைப் போடும் முன்னே கொல்லையில் நன்றாக உதறுகிறோம். நனைந்த பிறகு முடி துணியை விடாது. லட்டுவின் விரிப்பு மெஷினுக்குள் போவதே இல்லை. தனி பக்கெட், தனி வெயில்.

இவ்வளவும் வீட்டுச் சுத்தத்துக்கு. மகளின் இழுப்புக்கு?

அவளை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். நான் நினைத்துக்கொண்டிருந்தது முடிதான் இழுப்பு உண்டாக்குகிறது என்று. அப்படி இல்லையாம். நாயின் தோலிலிருந்து உதிரும் செதிலிலும் அதன் எச்சிலிலும் இருக்கும் புரதம்தான் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. முடி அதைச் சுமந்துகொண்டு வீடெல்லாம் பரப்புகிற வண்டி. அதனால் முடி அதிகம் கொட்டாத நாயாலும் இழுப்பு வரலாம். யாருக்கு வரும், எவ்வளவு வரும் என்பது ஆளைப் பொறுத்தது.

பிறகு டாக்டர் அவளைப் பார்த்து, "இன்ஹேலர் ஒழுங்கா எடுக்கறியாம்மா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, யாரையும் கேட்காமல் நிறுத்தியிருக்கிறாள்! ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்திருக்கிறாள், புருஷனிடம் கூடச் சொல்லவில்லை. எனக்கு உடம்பு பதறிப்போயிற்று. டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "உனக்கு மூச்சு குறைஞ்சா குழந்தைக்கும் குறையும். மருந்தைவிட அதுதான் ஆபத்து" என்று எடுத்துச் சொல்லித் திரும்ப ஆரம்பித்தார். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் இளம் சகோதரிகளே, இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள். இழுப்பு மருந்தை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். ஆளாளுக்கு நாய் முடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், இதை ஒருவரும் கேட்கவில்லை.

நாய் விஷயத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: அவள் படுக்கிற அறைக்குள் நாய் ஒரு நாள்கூட நுழையக் கூடாது, வாருவது, குளிப்பாட்டுவது எதிலும் அவள் பக்கத்தில் நிற்கக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும், மூன்று வாரம் பாருங்கள், இழுப்பு அதிகமானால் நாய் வேறு வீட்டுக்குத்தான் போக வேண்டும். நான் தலையாட்டினேன். மகளா நாயா என்று வந்தால் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து லட்டுவின் தலையில் கை வைத்தபோது கண் கலங்கிவிட்டது.

தச்சரைக் கூப்பிட்டு அடுப்படிக்கும் மகள் அறைக்கும் இடுப்புயரத் தடுப்புக் கதவு போட்டேன். அறையிலிருந்த கனத்த திரைச்சீலை, கம்பளம் எல்லாம் வெளியே. படுக்கை விரிப்பு வாரம் இரண்டு தரம் சுடுதண்ணீரில் துவைத்தோம். லட்டுவுக்கு வெறிநாய்த் தடுப்பூசி வருஷம் தவறாமல் போடுகிறோம். குழந்தை வருகிறதென்று பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.

மாசியில் வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள். முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. பிரசவம் வைகாசியில், பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னாலேயே குழந்தையைச் சுற்றியிருந்த துணியை இவர் எடுத்து வந்து லட்டுவுக்கு மோப்பம் காட்டினார். தோப்புக்கு அனுப்பச் சொன்னவர்தான்! பதினைந்தாம் நாள் ராத்திரி, பயந்தது நடந்தது. மகளுக்கு இழுப்பு. இன்ஹேலர் எடுத்தும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "நாயை அனுப்புன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே" என்றார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. லால்குடிக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரூம்ல புகை எதுவும் போடறீங்களா?"

போடாமல்? குழந்தை குளித்ததும் தினம் இரண்டு வேளை மாமியார் கையால் சாம்பிராணி. ராத்திரி கொசுவர்த்தி. கதவைச் சாத்திக்கொண்டு! நாய் காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. முதலில் புகையை நிறுத்துங்கள், பிஞ்சு நுரையீரலுக்கும் அது கெடுதல் என்றார். மாமியாரைச் சம்மதிக்க வைப்பது லட்டுவை வாருவதைவிடக் கஷ்டமாக இருந்தது. குழந்தையின் தலையைத் துணியால் துவட்டினாலே போதும், ஜலதோஷம் பிடிக்காது என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தோம். கொசுவர்த்திக்குப் பதில் வலை. பிறகு அவள் புருஷன் வீட்டுக்குப் போகும் வரை ராத்திரியில் இழுப்பு வரவில்லை. பகலில் ஒரு நாள் லேசாக வந்தது, அன்று லட்டு தடுப்பைத் தாண்டி உள்ளே போய்ப் படுத்திருந்தது. ஆக அதற்கும் பங்கு இல்லாமல் இல்லை. மறுநாளே தடுப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினோம்.

குழந்தையையும் நாயையும் ஒரு நிமிஷம்கூடத் தனியே விட்டதில்லை. எவ்வளவு சாதுவான நாயானாலும் விடக்கூடாது. முகத்தை நக்கவும் விடவில்லை. தடுப்புக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு படுத்திருக்கும். குழந்தை அழுதால் முதலில் எழுந்து வந்து என் புடவையை இழுத்தது அதுதான்.

மூன்றாம் மாதம் சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார். மயில் கழுத்துக் கலரில் பட்டு. உட்காரும் முன் சோபாவை ஒரு பார்வை பார்த்தார், நான் கவனிக்காதது போல் இருந்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டவர் திடீரென்று, "இதென்ன சம்பந்தி, கால் விரல்ல முடி!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு முழ நீளம், கன்னங்கரேலென்று, சுண்டு விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. லட்டு முடி ஒரு அங்குலம்தான், அதுவும் மஞ்சள். இது என் மகளின் தலைமுடி! பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் தாய்மார்களுக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டும் அல்லவா, அது. தானாகவே சரியாகிவிடும், பயமில்லை; ஆனால் உதிர்ந்த நீள முடி குழந்தையின் விரலில் இறுகிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்று விரல் வீங்கிவிடும். நல்லவேளை, தளர்வாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் கைவிரல், கால்விரல் இடுக்கை விலக்கிப் பார்ப்பதும் எங்கள் வேலைகளில் ஒன்றாயிற்று.

மறுநாள் காலை மாடிக்கு வாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லட்டு முன்னே ஓட, பின்னாலிருந்து சம்பந்தியம்மா குரல் கேட்டது: "ஏம்மா, நீயும் உங்கம்மாகூட மாடிக்குப் போயேன். கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கமா உட்கார்ந்து தலையை வாரிக்கிட்டு வா. குழந்தையை நான் பார்த்துக்கறேன்."